கொட்டாவி விடும் தம்பி

சிட்டுவின் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவர் கிளம்பிப் போன பிறகுதான் தம்பி பிறந்தான். நடுக்கடலில் இணையம் நத்தை மாதிரி ஊரும். பெரிய படம் எதுவும் போய்ச் சேராது. அதனால் அப்பா இன்னும் தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கல்லூரியில் கணினி படிக்கும் அண்ணன் ஒரு வழி சொன்னான். படத்தில் சில நுணுக்கங்களை விட்டுவிட்டால் கோப்பு சின்னதாகிவிடும். சுலபமாகப் போய்ச் சேரும். தம்பி கொட்டாவி விடும் படத்தை இரண்டு விதமாகச் சுருக்கினான். எது நன்றாக வந்திருக்கிறது என்று கணினியையே மதிப்பெண் போடவும் வைத்தான். முதல் படத்துக்கே அதிக மதிப்பெண்.

சிட்டு திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாள். முதல் படத்தில் ஜன்னல் திரைச்சீலையின் பூக்கள் பளிச்சென்று இருந்தன. தம்பியின் முகமோ பிசைந்த மாவு போல வழவழவென்று இருந்தது, கண்ணிமையைக் காணோம். இரண்டாவதில் பூக்கள் மங்கல். ஆனால் தம்பி அச்சு அசலாகத் தம்பியாகவே இருந்தான்.

"அண்ணா, இதுல பூதான் நல்லாருக்கு. தம்பி எங்க?"

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. கணினி புள்ளி புள்ளியாக அசலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டிருக்கிறதாம். தம்பி மேல் இருக்கும் பாசத்தில் அவளுக்கு அப்படித் தோன்றுகிறதாம்.

சிட்டுவின் முகம் தொங்கிப் போனது. ஒருவேளை அப்படித்தானோ? சரி, நாலு பேரிடம் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டாள்.

மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, அசலையும் இரண்டு படங்களையும் காட்டி, எது அசல் மாதிரி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். மாடி வீட்டுத் தையல்கார அக்கா வாயில் குண்டூசியோடு இரண்டாவதைத் தொட்டுக் காட்டினார். அம்மாவும் அதையே சொன்னாள். பார்சல் கொடுக்க வந்த கூரியர்க்காரர் தம்பியைப் பார்த்ததே இல்லை. அவரும் யோசிக்காமல் இரண்டாவதையே காட்டினார்.

"இது குழந்தை. அது பொம்மை," என்றார்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். சிட்டு அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"உன் கணக்கு தப்பில்லண்ணா. அதுக்குப் பூவும் ஒண்ணுதான், மூக்கும் ஒண்ணுதான். நாமதான் முதல்ல முகத்தைப் பார்க்கிறோம்."

அண்ணன் சிரித்துவிட்டு இரண்டாவது படத்தை அனுப்பினான்.

மறுநாள் அப்பாவிடமிருந்து பதில் வந்தது. சிட்டு சத்தமாக வாசித்தாள்.

"என் பிள்ளையைப் பார்த்துட்டேன். கப்பல் முழுக்கக் காட்டிட்டேன். அவன் கொட்டாவியைப் பார்த்துட்டு, கேப்டன் உட்பட எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்காங்க."

அண்ணன் சிரிக்க வாயைத் திறந்தான். வந்ததோ கொட்டாவி.