முதல் குண்டு போகும் இடம்

"அம்மிணி, அங்க பாரு! உன்ற தம்பிதான்!"

கூட வந்த ராசப்பன் போட்ட கத்தலில் தமயந்தி பாறையில் வழுக்கி விழப் பார்த்தாள். நமீபியப் பாலைவனத்தில் இருவரும் மூன்று நாளாக அலைகிறார்கள். எந்தக் காலத்திலோ ஒரு ஜெர்மன்காரன் ஒளித்துவைத்த வைரப் பெட்டியைத் தேடி, வரைபடமும் கையுமாகத் தனியே கிளம்பிய தம்பி கார்வேந்தன் திரும்பவே இல்லை. சொன்னால் கேட்கிற பிள்ளையா அவன்!

தொலைநோக்கியைப் பிடுங்கிப் பார்த்தாள். பள்ளத்தாக்குக்கு அப்பால், ஐநூறு மீட்டர் தூரத்தில், ஒரு பாறைத் திட்டில் கிடந்தான். கால் கற்களுக்கடியில் சிக்கியிருந்தது. கை அசைந்தது. உயிர் இருக்கிறது! அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், அவள் பார்வையில் அவனுக்கு இடப்பக்கம் ஒரு கழுதைப்புலி தலை நீட்டியது.

"சுத்திப் போக ரெண்டு மணி நேரமாகும். சுடு அம்மிணி! உன்ற துப்பாக்கிதான் அஞ்சு குண்டையும் உள்ளங்கைக்குள்ள போடுமே!"

அந்த அரைத்தானியங்கி ரைபிளைத் தன் பட்டறையில் பார்த்துப் பார்த்துச் செய்தவள் அவள். ஐந்து ஓட்டை விழுந்த அட்டையை ஊரெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டவளும் அவள்தான். இப்போது அவள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"ராசண்ணா, அன்னைக்கு நான் சுட்டது அஞ்சில்லீங்க, ஆறு."

"என்னது?"

"கையால இழுத்து ஏத்தற முதல் குண்டு மட்டும் இதே தூரத்துல வலப்பக்கம் மேல ஒரு முழம் தள்ளிப் போயிருது. துப்பாக்கி தானா ஏத்திக்கற மத்ததெல்லாம் வெச்ச குறியில விழுது. அந்த முதல் ஓட்டைய வெட்டிப்போட்டுட்டுத்தான் அட்டையக் காட்டினேன்."

ராசப்பனுக்கு முகம் வெளுத்தது. கழுதைப்புலி இன்னும் நாலு எட்டு வைத்தால், அதற்கு வலப்பக்கம் ஒரு முழத்தில் கார்வேந்தனின் தலை!

"அடிப்பாவி! முதல் குண்ட வானத்தப் பார்த்துச் சுட்டுக் கழிச்சிரு!"

"சத்தத்துல மிரண்டு அவன் மேலயே பாஞ்சிட்டா?"

"அப்ப முதல் குண்டு எப்பவும் அதே முழந்தான் தள்ளிப் போகுமா?"

"பத்துத் தடவை அளந்தேன். ஒம்பது தடவை போச்சு."

கழுதைப்புலி ஓர் எட்டு வைத்தது. இன்னோர் எட்டு. தமயந்தி குப்புறப் படுத்தாள். அதன் முன்னங்காலுக்கு எதிரே உள்ள கல்தான் இலக்கு. ஆனால் குறியை அந்தக் கல்லுக்கு இடப்பக்கம், ஒரு முழம் கீழே, வெறும் பாறையில் வைத்தாள். வழக்கம்போலத் தள்ளிப் போனால் கல்லில் விழும்; நேரே போனாலும் வெறும் பாறைதான். மூச்சை அடக்கி விசையை அழுத்தினாள்.

டுமீல்! கல் சிதறியது! கழுதைப்புலி துள்ளிப் பின்வாங்கியது. ஆனால் ஓடவில்லை. பல்லை இளித்துக்கொண்டு மறுபடி திரும்பியது. அடுத்த தோட்டா தானாக ஏறியிருந்தது. இம்முறை குறியை நேராக வைத்தாள். குண்டு அதன் மூக்கெதிரே பாறையைப் பெயர்த்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு எடுத்தது பார் ஓட்டம்!

வேர்க்க விறுவிறுக்கச் சுற்றி ஓடி, கற்களைப் புரட்டித் தள்ளினார்கள். கார்வேந்தன் ஒரு துருப்பிடித்த தகரப் பெட்டியை அணைத்தபடி பல்லைக் காட்டினான். உள்ளே ஒரு கைப்பிடி வைரம்!

"முதல் குண்டுலயே நீதான்னு தெரிஞ்சிருச்சுக்கா. உன்ற குறி தப்பாதுல்ல? அதான் தலையக்கூட அசைக்காமக் கிடந்தேன்."

தமயந்தி அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் வைரத்தை நீட்டினான். அதை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஜீப் வரை அவனைச் சுமந்துபோன வழியெல்லாம், வெட்டிப்போட்ட அந்த முதல் ஓட்டையைப் பற்றி ஒன்று விடாமல் அவனிடம் சொல்லிக்கொண்டே நடந்தாள்.