காற்றுக்கு முகம் காட்டிய மந்தை

மாடுகள் காற்றுக்கு முகம் காட்டி நின்றன. ஜன்னல் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிவிட்டுப் பார்த்த ஆரினுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. அமெரிக்காவின் மொண்டானா சமவெளியில் பத்துக் குளிர்காலம் மந்தை காத்தவன் அவன். பனிக்காற்று அடித்தால் மாடு முதுகைக் காட்டும். காற்று தள்ளும் பக்கமெல்லாம் மைல் கணக்கில் நகர்ந்து போகும். இவை நகரவில்லை. நண்பகலின் குருட்டு வெண்மையில், ஏறக்குறைய அறுபது மாடுகள் குடிசையையே பார்த்துக்கொண்டு நின்றன.

"கிளெம், அந்தக் கொம்பு முறிஞ்ச செவலைய பாரு. நேத்து ஓடையில செத்து வெறச்சுக் கிடந்துச்சே. நீதான எட்டி உதைச்சுப் பாத்த?"

அவனோடு மந்தை காக்கும் கிளெம் காப்பியைத் துப்பினான். இரண்டு மாதமாக ஒரே அடுப்பு, ஒரே சுவர். ஒருவன் மூச்சு விடுவதே மற்றவனுக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

"மாட்டப் பாத்து நடுங்குற மாட்டுக்காரன். ஊர்ல சொன்னா சிரிப்பா சிரிப்பாங்கடா."

சாட்டையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். ஆரின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். பயம் மட்டுமல்ல. கொஞ்ச நேரம் கிடந்து விறைக்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

அடுப்புக் குழாய்க்குள் காற்று ஊளையிட, ஈரத் தோலும் தீய்ந்த காப்பியும் நாறிய அந்த அறைக்குள், சாட்டை சொடுக்கும் ஓசை மூன்று முறை கேட்டது. நான்காவது கேட்கவில்லை. பிறகு ஓடிவரும் காலடிகள். கதவு அதிர்ந்தது.

"தொறடா! ஆரின், தொற! இதுங்க மூச்சு விடலடா!"

ஆரினின் கை தாழ்ப்பாள்வரை போனது. அங்கேயே நின்றது. வெளியே குளம்புகள் நெருங்கின. அவசரமே இல்லாமல்.

ஓர் அலறல். பாதியில் அறுந்தது.

காற்றும் அடங்கிவிட்டது. ஆரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமென்று தெரியாது.

"ஆரின்." கிளெமின் குரல். நிதானமாக. "கதவத் தொறடா."

உயிரோடு இருக்கிறான். ஆரினுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜன்னலுக்குப் பாய்ந்தான்.

மிதிபட்ட பனி சிவந்திருந்தது. அதன்மேல் சாட்டை. மனிதன் இல்லை.

கண்ணாடிக்கு ஒரு விரல் தூரத்தில் ஒரு மாடு. கண்களில் பனிக்கட்டி. அதன் வாய் திறந்தது.

"கதவத் தொறடா."

அதன் பின்னால், ஒவ்வொன்றாக, எல்லா வாய்களும் திறந்தன.