படகில் சிவப்புக் கைகள்!

"ஐயோ... ரத்தம்!"

வாட்ச்மேன் ஆறுச்சாமியின் அலறலில், அருள்புரம் பனியன் கம்பெனியின் மொத்தத் தையல் மிஷின்களும் நின்றன.

வாசலில் பழைய மீன்பிடிப் படகு. நேற்றுத்தான் சுரண்டி, வெள்ளை ப்ரைமர் அடித்திருந்தார்கள்.

இன்று அதன் மேல்...

சிவப்புக் கைத்தடங்கள்!

பெயின்டர் தவசியைக் காணவில்லை!

இன்ஸ்பெக்டர் வீரணன் வந்தார். படகைப் பார்த்தார். முதலாளி மகுடேஸ்வரனைப் பார்த்தார்.

"கடலே இல்லாத ஊர்ல படகு எதுக்கு?"

"போட்டோவுக்குங்க. நம்ம சிவப்பு டீ-ஷர்ட்டப் போட்டுக்கிட்டுக் கொழந்தைக வெள்ளைப் படகுல உக்காரோணும்னு, சரக்கு வாங்கற பையர் கேட்டாருங்க. அதா, தரம் பாக்க அவுங்க அனுப்புன க்யூசி மேடம். இன்னிக்கு அவுங்க ஓகே சொன்னாத்தான் லாட் கப்பலேறும். இல்லீன்னா கம்பெனிய மூடிட்டுப் பொங்கலூர்ல மாடு மேய்க்கோணும்!"

க்யூசி சனோபர் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று ஒரு டீ-ஷர்ட்டின் காலரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து தவசியோட சண்டையாமே?" வீரணன் முதலாளியிடம் கேட்டார்.

"ப்ரைமர் காயோணும், டைம் குடுங்கன்னானுங்க. ஸ்டீம் அயர்ன் போட்டுத் தேயிடான்னேன். சிரிச்சுப்போட்டான். கொன்னுபோடுவேன்னேன்... பாசமாத்தானுங்க!"

"யார் முன்னாடி?"

"ரெண்டு ஷிப்டும் இருந்துச்சுங்க."

கைவிலங்கு வெளியே வந்தது.

அப்போது...

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓர் உருவம்! இரண்டு கைகளும் முழங்கை வரை சிவப்பு!

தவசி!

"என்னண்ணே கூட்டம்? யாரு செத்தது?"

"நீதாண்டா!" என்றார் ஆறுச்சாமி.

"நானா? டீ குடிக்கப் போனேண்ணே!"

"கையில என்னடா ரத்தம்?" வீரணன் உறுமினார்.

"ரத்தமா? ப்ரைமரத் தண்ணிப் பேப்பர் போட்டுத் தேச்சு, ஈரத்துணியில தொடச்சேன் சார். மொதலாளி குடுத்த பனியன் வேஸ்ட்டு."

மகுடேஸ்வரன் துள்ளிக் குதித்தார்.

"பாத்தீங்களா சார்! கொலையுமில்ல, ஒண்ணுமில்ல! நம்ம சிவப்பு லாட்டோட கட்டிங் வேஸ்ட்டுங்க. வெறுஞ் சாயம்! தண்ணி பட்டாப் போதும், அப்படியே கொட்டுமுங்க!"



சனோபர் கையிலிருந்த டீ-ஷர்ட்டைக் கீழே வைத்தாள்.

"கொட்டுமுங்களா, அண்ணா?" மிக மென்மையாகக் கேட்டாள். "ஆறுச்சாமியண்ணா... ஒரு பக்கெட் தண்ணி கொண்டாங்க."

மகுடேஸ்வரனின் முகம் ப்ரைமரை விட வெளுத்தது. இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினார்.

"சார்... கொலைதானுங்க. நான்தானுங்க பண்ணுனேன்!"

"செத்தவன் முன்னாடியே நிக்கறானேய்யா!"

மகுடேஸ்வரன் திரும்பினார்.

"தவசி... கண்ணு... சித்தெ படுத்துக்கடா!"