வரிசையின் கடைசி வண்டி

முன்னால் போன வண்டி எந்த வளைவிலும் பிரேக் பிடிக்கவில்லை.

யோருன் அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. வெள்ளை மூட்டத்துக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள். அவற்றுக்கும் அப்பால், பனி வாரும் லாரியின் மஞ்சள் விளக்கு சுற்றிச் சுற்றி வந்தது. சரிவு வந்தாலும் திருப்பம் வந்தாலும் அந்தச் சிவப்பு கூடவும் இல்லை, மங்கவும் இல்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஓய்வு பெறும் வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். இந்த மலையில் அப்படி யாராலும் ஓட்ட முடியாது.

கீழே பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடந்தன. மேலே ஏறும்போதுதான் காற்று மாறியது. மலையடிவாரத்துத் தடுப்புக் கம்பத்தில் ஓட்வார் அவள் ஓட்டிவந்த கேரவனை நிறுத்தியிருந்தான். கூடப் படித்தவன். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கம்பத்தடியில்தான் அவனுக்குக் காவல் வேலை.

"மேல கண்ணே தெரியலையாம். பனி லாரி முன்னால போகும், எல்லாரும் அது பின்னாலயே வரிசையா போகணும். தனியா விட மாட்டோம்" என்றவன், கேரவனை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். "நீ நாளைக்குப் போயேன். வீட்டையே முதுகுல கட்டிக்கிட்டுத் திரியிற நத்தைக்கு என்ன அவசரம்?"

"என் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுடா. தலைப்பிரசவம். நத்தையோ ஆமையோ, போய்த்தான் ஆகணும்."

சிரிப்பு நின்றது. "சரி, போ. நீதான் கடைசி. முன்னால போற பச்சைக் காரோட பின்விளக்க மட்டும் விட்டுடாத. என்ன ஆனாலும் வண்டியை விட்டு இறங்காத."

கம்பம் அவளுக்குப் பின்னால் இறங்கியது.

மே மாதத்து மாலை. இருட்ட இன்னும் நெடுநேரம் இருந்தது. ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை; மேலே, கீழே, பக்கவாட்டில், எல்லா இடமும் ஒரே வெள்ளை. சாலையின் இருபுறமும் குளிர்காலம் முழுக்க வாரி ஒதுக்கிய பனி, கேரவனின் கூரையைவிட உயரமான சுவர்களாக நின்றது. பின்பக்கம் அலமாரிக்குள் தட்டுகள் மெல்ல உரசிக்கொண்டன, காற்று கூரையைத் தடவிப் போனது, வண்டிக்குள் இருந்த காப்பி மணத்தையும் மீறி ஹீட்டரிலிருந்து ஏதோ ஒரு வாடை வந்தது. பல நாள் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தால் வருமே, அந்த ஈர வாடை. ஹீட்டரை அணைத்தாள். வாடை போகவில்லை.

அப்புறம்தான் சாலையைப் பார்த்தாள்.

லாரி வாரிப்போன சாலை. அதன்பின் எத்தனையோ வண்டிகள் போன சாலை. அதில் ஒரு டயர் தடம்கூட இல்லை. புதுப் பனி, கை படாத விரிப்பு மாதிரி, சிவப்பு விளக்குகள் வரைக்கும் நீண்டு கிடந்தது.

காற்று அழித்திருக்கும். காற்றுதான்.

போன் அடித்தது. ஓட்வார்.

"யோருன், எங்க இருக்க?"

"வரிசையிலதான். வேற எங்க இருப்பேன்?"



"வெளையாடாத. லாரி அந்தப் பக்கம் இறங்கி ரொம்ப நேரமாச்சு. எல்லா வண்டியும் போய்ச் சேந்துடுச்சு, பச்சைக் காரு உள்பட. உன்னைத்தான் காணோம்."

"மஞ்ச விளக்கு என் கண்ணு முன்னால சுத்துதுடா."

"மேல இப்ப வண்டியே கெடையாது."

"அப்ப நான் யாரு பின்னால போய்க்கிட்டிருக்கேன்?"

"நில்லு. அப்படியே நில்லு. லாரியத் திருப்பி அனுப்ப—"

குரல் அறுந்தது. திரும்ப அழைத்தாள். மகளை அழைத்தாள். எதுவும் போகவில்லை.

பிரேக்கை மிதித்தாள். கேரவன் குலுங்கி நின்றது.

சிவப்பு விளக்குகளும் நின்றன. அதே தூரத்தில். அவளுக்காகக் காத்திருப்பது போல.

இன்ஜினை அணைத்துக் காது கொடுத்தாள். முன்னால் லாரிச் சத்தம் இல்லை. கார்ச் சத்தம் இல்லை. காற்றும் இல்லை. அலமாரித் தட்டுகள் மட்டும் இன்னும் உரசிக்கொண்டிருந்தன. நிற்கிற வண்டியில்.

இன்ஜினை மறுபடி ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டாள். பின்பக்கக் கேமராவின் சின்னத் திரையில் வெள்ளை. சாலை இருக்க வேண்டிய இடத்தில் சுவர். அவள் இப்போதுதான் கடந்து வந்த சாலை. கேரவன் பின்னால் ஓர் அடி நகர்ந்தது, மெத்தென்று எதிலோ புதைந்து நின்றது. முன்னால் போகலாம். முன்னால் மட்டும் போகலாம்.

அவள் உட்கார்ந்திருந்த இடப்பக்கத்தில் பனிச்சுவர் நெருங்கியிருந்தது. எப்போது நெருங்கியது? பக்கவாட்டுக் கண்ணாடி மடங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டது. கதவைத் தள்ளினாள். அசையவில்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். குரல் பஞ்சில் விழுந்தது போல அமுங்கிப் போனது.

ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தாள்.

பனிச்சுவருக்குள்ளே இன்னொரு ஜன்னல்.

அதிலும் ஆவி. உள்பக்கத்திலிருந்து ஓர் உள்ளங்கை அதைத் துடைத்துக்கொண்டிருந்தது. மெதுவாக. வட்டவட்டமாக.

துடைத்த இடத்தில் ஒருவன் தெரிந்தான். சீட் பெல்ட் போட்டிருந்தான். ஒரு கை ஸ்டியரிங்கில். அவனுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஜன்னல், அதற்குள் ஒரு பெண். அவளுக்கும் அப்பால் இன்னொன்று. இன்னொன்று. எல்லா முகங்களும் சாலையைப் பார்த்திருந்தன. எல்லா முகங்களிலும் சிவப்பு வெளிச்சம்.

அருகில் இருந்தவன் மட்டும் இவள் பக்கம் திரும்பினான். பழைய கார். ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தான்.

கண்ணாடி இறங்கியது. பனி அவன் மடியில் சரிந்தது. மார்பு வரை ஏறியது. அவன் தட்டிவிடவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், வாய்க்குள்ளும் பனி.

யோருனின் ஜன்னல் தானாக இறங்கத் தொடங்கியது.