மிதக்கும் தம்பி

அக்காவுக்கான காரியங்கள் எல்லாம் முடிந்து, தம்பி தன் வீட்டுப் பூட்டைத் திறந்தபோது மத்தியான வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கூடவே அவன் நண்பன் ஸ்டாண்டும் வந்திருந்தான். அது அவன் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. ஆறடி உயரத்தோடு, சொன்ன இடத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் பொறுமையும் சேர்ந்ததால் கிடைத்த பெயர்.

வந்த வேலை சின்னதுதான். அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவிலிருந்து அன்று சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வருவதாக இருந்தது. சூப்பர்வைசர் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"முகம் தெளிவா தெரியற மாதிரி அக்கா போட்டோ ஒண்ணு குடுப்பா. பெருசு பண்ணி மாட்டணும். நீதான் பெரிய போட்டோகிராபர் ஆச்சே, உன்கிட்ட இல்லாததா?"

அவனிடம் இல்லாதது அதுதான்.

வீட்டில் இரண்டே அறைகள். கூடத்தை அவன் ஸ்டூடியோ ஆக்கியிருந்தான், மிச்சமிருந்ததில் அக்கா குடியிருந்தாள். வெளிச்சத்தை மெத்தென்று ஆக்குவதற்காக, ஆஸ்பத்திரி கழித்துவிட்ட வெள்ளை விரிப்பு ஒன்று ஜன்னலில் தொங்கியது. அட்டையில் ஒட்டிய அலுமினியத் தாள் சுவரோரம் சாய்ந்திருந்தது. புள்ளிப் புள்ளியாக நிழல் விழவைக்க, சமையலறைச் சல்லடை மேஜை விளக்கின் முன்னால் கட்டப்பட்டிருந்தது. மாவு சலிக்க அக்கா அதைத் தேடி ஆறு மாதம் ஆகிறது.

எல்லாம் 'மிதக்கும் தம்பி' என்ற அவனுடைய இணையப் பக்கத்துக்காக. மின்விசிறிக்குக் கீழே அந்தரத்தில் படுத்தபடி பேப்பர் படிப்பான். அடுப்புக்கு மேலே மிதந்துகொண்டு குழம்பைக் கிண்டுவான். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். "எப்படி ப்ரோ?" என்று கேட்டவர்களுக்கு அவன் பதில் சொன்னதில்லை. சொன்னால் மரியாதை போய்விடும்.

ஏனென்றால் ரகசியம் ரொம்பச் சாதாரணம். செல்போனை ஸ்டூலில் நிறுத்தி, முதலில் வெறும் சுவரை ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு அக்கா தரையில் மல்லாந்து படுத்துக் கால்களைச் செங்குத்தாகத் தூக்குவாள். அவள் உள்ளங்கால்களில் வயிற்றைப் பதித்து, கைகளை விரித்து அவன் பறப்பான். விளக்கோடு நிற்கும் ஸ்டாண்டு அடுத்த படத்தை எடுப்பான். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அக்கா இருக்கும் இடத்தை விரலால் தேய்த்தால் கீழேயிருந்து வெறும் சுவர் வரும். அக்கா போய்விடுவாள்.

"ஏறுடா எருமை. வயித்துக்குள்ள என்ன, கல்லு ரொப்பியிருக்கியா?" என்பாள், எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வந்தவள். "சீக்கிரம் எடு, இடுப்பு போச்சு."

"மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கோக்கா. தலைமுடி வந்தா அழிக்கிறது கஷ்டம்."

அவளும் திருப்பிக்கொள்வாள். போனில் இடமில்லை என்பதால், படத்தைப் பதிவேற்றியதும் மூலப் படத்தை அழித்துவிடுவான். சுத்தமான வேலைக்காரன்.

போன வாரம் ஈரத் துணி மூட்டையைத் தூக்கும்போது மெஷின் முன்னாலேயே சரிந்து விழுந்தாள். அவளைக் கீழேயிருந்து தாங்க யாரும் படுத்திருக்கவில்லை.

"ஆஸ்பத்திரி ஐடி கார்டு என்னாச்சு?" என்றான் ஸ்டாண்டு.

"சட்டையோட சேர்த்து மெஷின்ல போட்டுட்டா. மூஞ்சி இருந்த எடத்துல முட்டை மாதிரி வெள்ளையா இருக்கு."

"வேற?"

"இன்னொரு போட்டோ இருக்கு, ரெட்டைச் சடையோட பதினேழு வயசுல எடுத்தது. சூப்பர்வைசர் அம்மாகிட்ட காட்டினேன், 'இது யாரு?'ன்னு கேக்கறாங்க."

இருவரும் தரையில் உட்கார்ந்து அவனுடைய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒன்றில், பழைய சோபாவுக்கு அடியில் அழிக்க மறந்துபோன இரண்டு கால்விரல்கள் கிடைத்தன. இன்னொன்றில் எவர்சில்வர் தம்ளரின் வளைவில் நீலமாக ஒரு தீற்றல். அது அவள் யூனிஃபார்ம் நிறம். அவ்வளவுதான் அக்கா.

"உங்க அக்காவை ரொம்ப சுத்தமா அழிச்சிருக்கடா," என்றான் ஸ்டாண்டு. அவன் கிண்டலாகச் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம்.

தம்பி அடுத்த படத்துக்குப் போனான். அவன் பயமே வேறு. கண்ணை மூடி அக்காவின் முகத்தை நினைத்தால் உள்ளங்கால்கள்தான் வந்தன. வெடிப்பு விழுந்த, தண்ணீரில் ஊறி வெளுத்த இரண்டு உள்ளங்கால்கள். இன்றைக்கு முகம் கிடைக்காவிட்டால் இனி எப்போதும் கிடைக்காது என்று அவனுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் போவதற்கு முதல்நாள் எடுத்த இரண்டு படங்கள், வெறும் சுவர் ஒன்று, அக்காவோடு ஒன்று. வேலையை ஆரம்பிக்கவே இல்லை. அழிக்கவும் இல்லை.

அவசரமாகத் திறந்தான்.

இரண்டாவது படத்தில் அவன் கைகளை விரித்துப் பறந்துகொண்டிருந்தான். அவனுக்குக் கீழே தரை மட்டும் இருந்தது.

"நீ அழிச்சு முடிச்சு வெச்சிருக்க போல," என்றான் ஸ்டாண்டு.

"நான் தொடவே இல்லடா."

முதல் படத்தைத் திறந்தான். வெறும் சுவர் இருக்க வேண்டிய படம்.

அதில் அக்கா படுத்திருந்தாள்.

நீல யூனிஃபார்மில், மல்லாந்து, கால்களைத் தூக்கி. உள்ளங்கால்கள் தட்டையாக, மேலே யாரையோ தாங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. மேலே யாரும் இல்லை. முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

கூடத்தில் எங்கிருந்தோ பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது. முதலில் லேசாக. பிறகு கண் எரிகிற அளவுக்கு.

"ஜன்னலைத் திறடா," என்றான் ஸ்டாண்டு. ஜன்னல் திறந்துதான் இருந்தது. தொங்கிய விரிப்பு அசையவில்லை. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தம்பி எழுந்து போனை ஸ்டூலில் வைத்தான். விளக்கைப் போட்டான்.

"என்னடா பண்ற?"

"வெறும் சுவரை எடுக்கப் போறேன்."

"வேணாம்டா."

எடுத்தான்.

இருந்தாள். அதே மாதிரி.

"அக்கா," என்று காலியான தரையைப் பார்த்துக் கூப்பிட்டான். குரல் அவனுக்கே பிடிக்காத மாதிரி குழைந்தது. "அக்கா, இந்தப் பக்கம் பாருக்கா. ஒரே ஒரு தடவை."

எடுத்தான். அந்தப் பக்கமே பார்த்திருந்தாள். கெஞ்சினான், எடுத்தான். திட்டினான், எடுத்தான். ஒவ்வொரு படத்திலும் பின்னந்தலையும் காதும்தான்.

சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டாண்டு, உதட்டை அசைக்காமல் சொன்னான்.

"நீதானேடா திரும்பிக்கச் சொன்ன? இன்னும் நீ மேல ஏறுவேன்னு காத்துட்டிருக்காங்க."

தம்பி போனை எடுத்து ஸ்டாண்டின் கையில் திணித்தான். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு, அவள் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தான். தரை ஜில்லென்று இருந்தது. கால்களைத் தூக்கினான்.

"இன்னிக்கு நீ ஏறுக்கா."

ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

பிறகு, பக்கத்தில் ஈரத்துணி உரசுகிற சத்தம்.

எழுந்திருக்கிற சத்தம்.

அவன் உள்ளங்கால்களில் எதுவோ பட்டது. மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த துணி மூட்டை மாதிரி நனைந்து, குளிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. முட்டிகள் நடுங்கின. இவ்வளவு கனமாகவா இருப்பாள்? ஒருநாளும் அவளை அவன் தூக்கியதில்லை.

"எடுடா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

ஸ்டாண்டு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். ஒரு கண்ணை மட்டும் திறந்து படத்தைப் பார்த்தான்.

"வந்துட்டாளா?"

"வந்துட்டாங்க."

"மூஞ்சி?"

"தெளிவா இருக்கு. சிரிக்கிறாங்கடா. கையை ரெண்டு பக்கமும் விரிச்சிட்டு, சின்னப் புள்ள மாதிரி." ஸ்டாண்டின் குரல் உடைந்தது. பிறகு மாறியது. "டேய். நீ எங்கடா?"

"கீழதான் இருக்கேன்."

"கீழ தரைதான்டா இருக்கு."

"நான் பாக்கணும், காட்டு."

ஸ்டாண்டு நெருங்கி வரவில்லை. எட்ட நின்றபடி கையை நீட்டித் திரையைக் காட்டினான். அவ்வளவு தூரத்தில் தம்பிக்குத் தெரிந்தது வெள்ளையாக ஒரு ஒளி மட்டும்தான்.

"கடை மூடிடுவான். நான் பிரிண்ட் போட்டு, பிரேம் பண்ணி எடுத்துட்டு வந்துடறேன். நீ அவங்களை எறங்கச் சொல்லு." அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

"எறங்குக்கா," என்றான் தம்பி. "எடுத்தாச்சு."

கனம் அசையவில்லை.

கால்களை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை. தொடையிலிருந்து இடுப்புக்கு வலி இறங்கியது. இடுப்பு போவது என்றால் என்னவென்று கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அதன் பிறகு வலியும் மரத்துப்போனது.

வெளிச்சம் மங்கும் முன் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஸ்டாண்டு பிரேமை அணைத்தபடி வந்தான். பின்னால் சூப்பர்வைசர் அம்மாவும் சலவைப் பிரிவுப் பெண்கள் ஏழெட்டுப் பேரும்.

"தம்பி எங்க?"

ஸ்டாண்டு தரையைப் பார்த்தான். நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்தான். "இங்கதான் இருந்தான்."

"டேய், இங்கதான்டா இருக்கேன்!"

யாரும் திரும்பவில்லை. அவன் மார்பு இருந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு பெண் உட்கார்ந்தாள். வலிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

படத்தைச் சுவரில் மாட்டினார்கள். அவன் படுத்திருந்த கோணத்திலிருந்து கண்ணாடியில் பட்ட விளக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. முகம் தெரியவில்லை.

"இத்தனை வருஷமா கூட வேலை பாத்திருக்கோம்," என்றார் சூப்பர்வைசர் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இவ இப்படி வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்லடி. காத்து மாதிரி இருக்கா பாரு. எப்படிப்பா இப்படி அந்தரத்துல நிக்க வெச்சீங்க?"

"கீழ ஒருத்தர் தாங்கிப் பிடிச்சிருப்பாங்க. அப்புறம் அழிச்சிடுவோம்."

"யாரு பிடிச்சது?"

ஸ்டாண்டு வாயைத் திறந்தான். மூடினான். தெரிந்த ஒரு பெயர் நாக்கு நுனியில் வந்து நழுவிய மாதிரி நெற்றியைத் தேய்த்தான்.

"தெரியலைம்மா. யாரோ."

அவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், டீ குடித்தார்கள், அக்கா மெஷினைக் காலால் உதைத்து ஓடவைத்த கதையைச் சொன்னார்கள். அந்தக் கதை தம்பிக்குத் தெரியாது. அவன் ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியாக ஸ்டாண்டு, யாருமில்லாத வீட்டில் செய்கிற மாதிரி, விளக்குகளை அணைத்துவிட்டு வெளியிலிருந்து கதவைப் பூட்டினான்.

காலடிச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

இருட்டில் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். "அக்கா," என்றான் மெதுவாக. "கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் திரும்பிப் பாரேன்க்கா."

அவன் உள்ளங்கால்களின் மேலே ஈரத்துணி ஒருமுறை சரசரத்தது.

அக்கா சௌகரியமாக அந்தப் பக்கம் புரண்டு படுத்தாள்.