வெள்ளிக்கிழமைத் தலைவலி

அந்த வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் இருந்தவர்கள் நான்கே பேர்: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அமராவதி, அவள் கணவர் அங்கமுத்து, அவருடைய அக்கா மருதம்மாள், பத்து வயது மகள் மயிலாள். ஐந்தாவதாக யாரும் இல்லை. தெருவே டி.வி. இருக்கும் வீட்டில் பாட்டுப் பார்க்கப் போயிருந்தது. கௌரவமான குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அமராவதி தலையின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"வெள்ளிக்கிழமையானாத் தவறாம வருது. வெளிச்சத்தைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. சாம்பிராணி போட்டாக் கத்தறா. இது தலைவலி இல்ல தம்பி, பேய்!" என்றாள் மருதம்மாள். "நாளைக்கு வெள்ளகோவில் பூசாரியக் கூட்டிட்டு வந்து, வாசல்ல உட்கார வெச்சு ஓட்டிரோணும்."

வாசலிலா? தெருவே கூடி நின்று அம்மாவை வேடிக்கை பார்க்குமே! மயிலாள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அத்தை சாம்பிராணித் தட்டை அம்மாவின் முகத்தருகே நீட்டினாள். அம்மா வாந்தி எடுத்தாள்.

மயிலாள் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி வெளியே வைத்தாள். டியூப்லைட்டை அணைத்தாள்.

"என்ன கண்ணு, இருட்டுன்னாப் பேய்க்குக் கொண்டாட்டமாச்சே!"

"மெல்லப் பேசுங்க அத்தை. பேய் தூங்கட்டுமுங்க."

அங்கமுத்து மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தார். கொஞ்ச நேரத்தில் அமராவதி தூங்கியே போனாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை அம்மா விரதமுங்க. வெறும் வயித்தோட நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழ பனியன்ல ஓட்டை பார்க்கறாங்க. வந்ததும் இந்தப் புகை. குன்னத்தூர் கல்யாணத்துல பந்தி லேட்டாச்சுங்களே, அன்னைக்கும் வலிச்சுது. அது புதன்கிழமைங்க. பேய்க்குக் கிழமை மறந்துபோச்சுங்களா?"

அங்கமுத்து யோசித்தார். மறுநாள் பூசாரியைக் கூட்டி வரவில்லை, டாக்டரிடம் போனார்கள்.

"இது ஒற்றைத் தலைவலி. மைக்ரேன்னு சொல்லுவோம்," என்றார் டாக்டர். "சில பேருக்கு இயல்பாவே இது வரும், பெரும்பாலும் குடும்பத்துலயே இருக்கும். பட்டினி, தூக்கக்குறைவு, கூசற வெளிச்சம், நெடி, இப்படி ஏதாவது தூண்டிவிட்டா வலி கிளம்பிரும். மாத்திரை தர்றேன். நேரத்துக்குச் சாப்பிடணும். வலி வந்தா இருட்டுல அமைதியாப் படுக்கணும்."

"நேத்தே படுக்க வெச்சுட்டோமுங்க!" என்றாள் மயிலாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, மருதம்மாள் இட்லித் தட்டோடு வந்து அமராவதியின் முன்னால் வைத்தாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன் விரதத்தை நான் இருந்துக்கறேன். நீ தின்னு."

வெள்ளகோவில் பூசாரி வந்து பேயை ஓட்டியதைக் கண்ணால் பார்த்ததாகத் தெருவில் சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது பொய். பூசாரி வரவில்லை. பேயும் இல்லை. அமராவதி நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.