வளைந்துபோன கடைசி வரி

குகட்பள்ளி வீட்டின் மாடிப்படி ஏறி வந்த திருநாவுக்கரசு செருப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தார். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் விமானங்களைச் சோதித்து, பறக்கத் தகுதியானவை என்று கையெழுத்திடும் இன்ஜினியர் அவர். இருபத்திரண்டு வருட லைசென்ஸ். நாளை விசாரணை. அதில் லைசென்ஸும் போகலாம், ஜெயிலும் வரலாம்.

“மேடம், உங்களை விட்டா எனக்கு நாதியில்ல.”

ராஜம் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவர் செய்யும் துப்பறியும் வேலையில் அவரைவிடக் கணவர் சந்தானத்துக்குத்தான் உற்சாகம். நோட்டுப் புத்தகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். வியாழனன்று ஒரு விமானத்தின் புரொப்பல்லர் போல்ட்டுகள் வானத்திலேயே தளர்ந்து, விமானம் வயலில் இறங்கியது. மாணவி அஸ்வினிக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டன. அதே போல்ட்டுகளை ஜூன் 14 அன்று, பள்ளியின் டார்க் ரெஞ்சால் முறுக்கிச் சரிபார்த்ததாகச் சொல்கிறது சான்றிதழ். கீழே திருநாவுக்கரசின் கையெழுத்து.

“போலி மேடம். அன்னைக்கு நான் சென்னையில. பொண்ணோட காலேஜ் கவுன்சிலிங். இதோ டிக்கெட்டு.” டிக்கெட்டை மேஜைமேல் வைத்தார். “மத்த மூணு பிளேனுக்கும் காகிதம் சரியா இருக்காம், இன்னைக்குப் பத்தரைக்கு மறுபடி பறக்குது. நான் மட்டும் வீட்டுல கிடக்கேன்.”

“பள்ளி மேனேஜர் ஸ்ரீகாந்த் வேலைதான்!” சந்தானம் தொடையைத் தட்டினார். “டிக்கெட் ஒண்ணு போதும் ராஜம், கேஸ் முடிஞ்சுது.”

“நக்கோ, அவசரப்பட வேண்டாம். சும்மா எழுதுங்க.”

டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு ரசீதும் வந்திருந்தது. சனத்நகரில், அளவுக் கருவிகளைச் சரிபார்த்துத் தரும் கடையுடையது.

“இது?”

“டார்க் ரெஞ்ச். போல்ட்டை எவ்வளவு இறுக்குறோம்னு காட்டும். ஜூன் பன்னெண்டாம் தேதி ஸ்டேஷனுக்குப் போற வழியில கொடுத்தேன். பத்தொன்பதாம் தேதி நானேதான் போய் வாங்கினேன்.”

“பள்ளியில வேற ரெஞ்ச்?”

“அது ஒண்ணுதான்.”

ராஜம், திருநாவுக்கரசு கொண்டுவந்திருந்த காகிதங்களிலிருந்து விமானங்களின் குத்தகை ஒப்பந்தத்தை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். சந்தானம் சத்தமாகப் படித்தார்: ஜூன் 15-க்குள் நான்கு விமானங்களுக்கும் தகுதிச் சான்றிதழ் தரப்படாவிட்டால், உரிமையாளர் நான்கையும் திரும்ப எடுத்துக்கொள்வார்.

“எடுத்துக்கலையே,” என்றார் ராஜம். “அப்போ நாலுக்கும் சான்றிதழ் போயிருக்கு. பள்ளியில லைசென்ஸ் உள்ளவர் வேற யாரு சார்?”

“நான் ஒருத்தன்தான்.”

ராஜம் சான்றிதழின் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “என்னங்க, கடைசி வரியைப் பாருங்க. நேரா வருது, கையெழுத்துக்கிட்ட வந்ததும் எழுத்து சுருங்கி மேல வளையுது. ஏன்?”

“இடம் பத்தல.”

“எழுதி முடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டா, கையெழுத்துதானே ஒதுங்கணும்? இங்க எழுத்து ஒதுங்கியிருக்கு. கையெழுத்து முன்னாடியே இருந்துச்சு. போலி போடுறவன் கடைசியிலதான் போடுவான்.” காகிதத்தை மெல்ல மேஜைமேல் வைத்தார். “வெத்துக் காகிதத்துல நீங்களே போட்டுக் கொடுத்தீங்க. நாளைக்கு நிபுணரும் இதைத்தான் சொல்வார்.”

சந்தானத்தின் பேனா நின்றது. போலி என்ற சொல்லுக்குக் கீழே அவர் இரண்டு கோடு போட்டிருந்தார்.

“ஸ்ரீகாந்த் கெஞ்சினான் மேடம்.” திருநாவுக்கரசு முகத்தைப் பொத்திக்கொண்டார். “‘சார், நீங்க வர்றதுக்குள்ள கெடு முடிஞ்சுடும், மெக்கானிக்கை வெச்சு வேலையை முடிச்சுட்டு நிரப்பிக்கிறேன்’னான். நாலு காகிதம். செஞ்சிருப்பான்னுதான்…”

“எதை வெச்சு? ரெஞ்ச் பத்தொன்பது வரைக்கும் கடையில இருந்துச்சே?”

ரசீது மேஜைமேல் கிடந்தது. திருநாவுக்கரசு அதைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது.

“ஸ்ரீகாந்த் தப்பிக்க மாட்டான். அதை நான் பார்த்துக்கிறேன்,” என்றார் ராஜம். “ஆனா அவனுக்கு இப்போ போன் பண்ணினா நிறுத்த மாட்டான். ஏர்போர்ட் கண்ட்ரோல் டவர்தான் நிறுத்தும்.”

“சொன்னா என் லைசென்ஸ்?”

“போயிடும்.”

“பொண்ணுக்கு இந்த வருஷம்தான் சீட்டு கிடைச்சிருக்கு மேடம்.”

சந்தானம் எழுந்துபோய், நீண்ட வயரோடு போனைத் தூக்கி வந்து திருநாவுக்கரசின் முன்னால் வைத்தார்.

அவர் மூன்று முறை எண்ணைத் தப்பாகச் சுழற்றினார். நான்காவது முறை மணி போயிற்று. தன் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் சொன்னார். மூன்று விமானங்களின் எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“எதையும் மேல ஏத்தாதீங்க சார். போல்ட்டை யாரும் தொடவே இல்ல.”

மறுமுனை ஏதோ கேட்டது. திருநாவுக்கரசு கண்ணை மூடிக்கொண்டார்.

“இல்ல சார். போலி இல்ல. நாலுலயும் என் கையெழுத்துதான்.”